முற்றுப்புள்ளி போட்ட பிரியாணி

கண்டாவளையில் வயல் செய்யும் கமக்காரர்களின் அமைப்பொன்றின் காரியாலயத்தில் யதுர்ஷிகா தட்டச்சு வேலை செய்தாள். ஒருநாள் வட்ஸ்அப் குழுவொன்றில் யாரோ சில வரிகளை அனுப்பியிருந்தார்கள். கணினியின் கறுப்புத் திரையில் அவற்றை ஒட்டினால் வேகம் கூடுமாம். அவளுடைய கணினி ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்வது. ஆசையோடு ஒட்டினாள்.

வேகம் கூடவில்லை. முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ‘பிரியாணி இலவசம்!’ என்று விழுந்தது.

முதலில் சிரித்தாள். பிறகு வியர்த்தது. காலபோக நெற்செய்கைக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்குவது பற்றிய கூட்ட அறிவித்தல் அன்றைக்கே போகவேண்டும். பழைய கடிதமொன்றிலிருந்து முற்றுப்புள்ளியைப் பிரதி எடுத்து, வசனத்துக்கு வசனம் ஒட்டி, ஒருவழியாக அச்சடித்துக் கொடுத்தனுப்பினாள்.

அதன்பிறகுதான் கிளிநொச்சியில் கணினி திருத்தும் தோழி சிவதர்சினியை அழைக்க நேரம் கிடைத்தது.

“ஆரெண்டு தெரியாத ஆள் அனுப்பினதை ஏனடி ஒட்டினனீ? அது கீபோட்டையே மாத்திப்போடும்,” என்று ஏசிவிட்டு, எதைத் திறந்து எதை அழிப்பது என்று சிவதர்சினி சொல்லிக்கொடுத்தாள். அழித்து, கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டு, விசையை அழுத்தினாள். வெறும் புள்ளி! யதுர்ஷிகாவுக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வழமையாக முன்வரிசைகூட நிறையாது. தலைவர் நல்லதம்பி அறிவித்தலை நீட்டினார்.

“பிள்ளை, கடைசி வரியை ஒருக்கா வாசி.”

‘அனைவரும் தவறாது சமுகமளிக்கவும் பிரியாணி இலவசம்!’

பழக்கத்தில் விரல் ஒருமுறை விசைக்குப் போயிருக்கிறது. யதுர்ஷிகா எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது.

“அப்ப பிரியாணி இல்லையோ?” என்றார் ஒருவர் கவலையாக.

நாற்று நடப் பெண்களைக் கூட்டிப்போகும் வடிவம்மா எழுந்தார். “நெல்லு வெளையிற ஊருல சோத்துக்கா பஞ்சம்? எங்க வீட்டுக் கோழி ரெண்டு தர்றேன். யாராச்சும் பெரிய சட்டியா கொண்டாங்க.”

அரிசி வந்தது. கத்தரிக்காய் வந்தது. இன்னும் சில கோழிகளும் வந்தன. மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார்கள். உலை கொதிக்கிற நேரத்தில் வாய்க்காலின் எந்தத் துண்டை யார் துப்புரவாக்குவது என்று பிரித்து, நாளும் குறித்துவிட்டார்கள்.

“போன வருசம் முழுக்க இழுபட்ட அலுவல்,” என்று நல்லதம்பி வியந்துகொண்டே கை கழுவப் போனார்.

அதைப் பிரியாணி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சுடுசோறும் உறைப்பான கோழிக்கறியும். யதுர்ஷிகா கூச்சத்தோடு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வடிவம்மா சட்டியைத் துழாவி, ஒரு கோழிக்கால் எடுத்து அவள் சோற்றுக்கோப்பையில் வைத்தார்.