கப்பல் நிலையத்தில் அம்மா

என் அம்மா சாந்தம்மாளை ஒரு விஷயத்துக்கு இணங்க வைப்பதைவிடக் கடலுக்குள் தூண் இறக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. தூணாவது பாறை தட்டியதும் நின்றுவிடும்.

சூரியநெல்லி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே என்னை சிவில் என்ஜினீயர் ஆக்கியவள் அவள். போன மாதம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை, நான் ஒரே மகள். கொச்சிக்கு வந்து என்னோடு இரு என்றால் கேட்கவில்லை. எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகப்போகிறாளாம், முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிற லட்சணத்தில்.

"ஒன் வீட்டுல வந்து சும்மா குந்திக்கிட்டு நான் என்னத்தட்டி செய்ய?" என்றாள் போனில். "வேலையில்லாத எடத்துல எனக்குச் சோறு எறங்காது."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் விடவில்லை. கொச்சித் துறைமுகத்தில் எங்கள் கம்பெனி கட்டிய பயணிகள் நிலையத்துக்கு முதல் சுற்றுலாக் கப்பல் வருகிறது, வீட்டு ஆட்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லி, நானே மலையேறிப் போய்க் கையோடு கூட்டி வந்தேன். கட்டடத்தைப் பார்த்தால் மனம் இளகுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். கூரை முழுக்க சோலார். அதில் விழும் மழை தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குப் போய்விடும். கடல்காற்று உள்ளே வந்து போக வழி விட்டிருப்பதால் பாதி இடத்துக்கு ஏசி வேண்டாம். கரையில் நிற்கிற வரைக்கும் கப்பல் தன் என்ஜினை அணைத்துவிட்டு நம் கரண்டை எடுத்துக்கொள்ளும், புகையே கிடையாது.

"புகையில்லன்னா துணி காயப்போடலாம்," என்றாள் அம்மா. இரண்டு வருஷ உழைப்புக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

அவளைக் கடலைப் பார்த்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது கப்பல் சங்கு ஊதியது. கூட்டம் முழுக்கக் கண்ணாடிப் பக்கம் ஓடிப் போட்டோ எடுத்தது. அம்மா மட்டும் சட்டென்று எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். இரண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் எதையோ கட்டப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட்டில் ஃபேக்டரி சங்கு ஊதியதும், சேலை நனையாமல் இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அவள் விரல்கள் அந்தப் படங்குக் கயிற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தன. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. டீயை எங்கேயோ வைத்துவிட்டு ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அது கப்பல். வேலைக்குக் கூப்பிடல."

கப்பலைப் பார்த்தாள். வெட்கத்தோடு சேலையை இறக்கிவிட்டாள்.

"பாத்தியாட்டி. சங்கு கேட்டா ஒடம்பு தன்னால எந்திரிக்கி. இப்படிப்பட்டவள வீட்டுல வச்சு என்ன செய்வ? எனக்கு இங்க என்ன வேல இருக்கு, சொல்லு."

முழங்கால், ஆஸ்பத்திரி, செலவு என்று நிறைய பதில் தயாராக வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"சாயங்காலம் கதவத் தொறந்தா வீடு இருட்டா கெடக்கும்மா," என்றேன். "எனக்குப் பயமா இல்ல. ஆனா தெனமும் அழுக வருது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தியே.

"என்னத்த என்ஜினீயரு நீ. என்னையப் பாத்துக்கிடுதேன் பாத்துக்கிடுதேன்னுதான சொன்ன. ஒனக்கு ஆளு வேணும்னு எங்கட்டி சொன்ன?"

அவள் முந்தானையிலேயே மூக்கையும் துடைத்துக்கொண்டேன்.

"அந்த ஏலக்காட்டுக்காரருக்குப் போனப் போடு," என்றாள். "நான் வரலன்னு சொல்லணும்."