இடைவேளைக்குப் பிறகு வந்த தலைப்பு

லிஃப்ட் பழுது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினாள். வானொலி நிலையம் ஐந்தாவது மாடியில். ஒரு காதில் இயர்ஃபோன். அதில் அவள் தம்பி ஊர் கேட்கத் திட்டிக்கொண்டிருந்தான்.

அவன் இன்னும் அந்தப் படத்துக்கு வரவில்லை. வருவதற்குள் ஸ்டூடியோவுக்குள் போய் அவன் வாயைப் பொத்த வேண்டும். இல்லையென்றால் நாளை அவளுக்கு வேலை இருக்காது.

தம்பிக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. சனிக்கிழமை மாலை மட்டும் வானொலியில் நேரலை, அப்போது போனை அணைத்துவிடுவான். அந்த வாரம் வந்த ஹாலிவுட் படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவான். நேயர்கள் வைத்த பெயர் சிடுசிடு. அவன் ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பிடிக்காததைப் பிடித்ததாகவோ, பிடித்ததைப் பிடிக்கவில்லை என்றோ மைக்கில் சொன்னதுமில்லை. அவனுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அக்கா தியேட்டர் ஆபரேட்டர். பெரிய திரைக்கு எதிர்ச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதற்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றி, நேரத்துக்கு ஓடவிட்டு, இடைவேளைக்கு விளக்குப் போடுகிறவள். தம்பி எந்தப் படத்தையும் அந்த ஜன்னலுக்கு நேர்கீழே, கடைசி வரிசையில்தான் பார்ப்பான். டிக்கெட் வாங்கித்தான் பார்ப்பான். ஓசியில் பார்த்தால் திட்ட உரிமை இல்லையாம்.

இரண்டாவது மாடி. இயர்ஃபோனில் அவன் குரல் ஏறியது. முதல் படத்தில் ஊரே இடிகிறதாம், பாலம் விழுகிறதாம், கதாநாயகன் நடுவில் நின்று ஜோக் அடிக்கிறானாம். எழவு வீட்டில் வந்து விடுகதை போடுகிற சித்தப்பா மாதிரி இருந்தது என்றான். அடுத்தது ராட்சத மிருகப் படம். மூன்று மணி நேரத்தில் மிருகம் வந்தது கால் மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் அதைப் பற்றி விஞ்ஞானிகள் சண்டை போட்டார்கள். மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் சம்பந்திகள் அடித்துக்கொண்ட கதை.

மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. கைப்பிடியில் சாய்ந்தாள். தம்பி நிற்கவில்லை. இப்போதெல்லாம் படத்தை இருட்டில் எடுக்கிறார்கள் என்று ஆரம்பித்தான். பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராகத் தன் கடைக்கு வந்து பவர் மாறிவிட்டது என்கிறார்கள். சோதித்தால் கண் சுத்தமாக இருக்கிறது, படம்தான் குருடு. செத்துப்போன ஆளுக்காக அழுது மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் அவன் எழுந்து வந்துவிடுகிறான். கேட்டால் வேறு பிரபஞ்சம். படம் தொடங்கி முக்கால் மணி கழித்துத் தலைப்புப் போடுகிறான், அதுவரை நாம் எந்தப் படத்துக்கு வந்தோம் என்று டிக்கெட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"ஆனா நேயர்களே," என்றான். "இந்த வாரம் ஒரு படம் என்னை அடிச்சுப் போட்டுடுச்சு. கடலுக்கு அடியில நடக்கிற அந்தப் படம். இப்படியும் கதை சொல்லலாமான்னு உக்காந்துட்டேன். பாட்டு முடிஞ்சதும் விளக்கமா சொல்றேன்."

பாட்டு ஆரம்பித்தது. அக்கா மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

தியேட்டர் மேனேஜர் இந்நேரம் தன் அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படம் பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை. பாப்கார்ன் மெஷினைத்தான் பார்ப்பார். ஆனால் கடல் படத்தின் கதைச்சுருக்கம் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. தம்பி நாலு வாக்கியம் பேசினால் போதும், மனுஷர் நிமிர்ந்து உட்காருவார். போன ஆபரேட்டரை நின்ற நிற்பில் வீட்டுக்கு அனுப்பியவர்.

ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அறிவிப்பாளர் பெண் பதறி எழுந்தாள். தம்பி ஹெட்ஃபோனை இறக்கி, அக்காவின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான்.

"என்னக்கா, அடிக்கவா வந்திருக்க?"

"டேய், அந்தக் கடல் படத்தைப் பத்திப் பேசாத."

"நான் நல்லவிதமாத்தான்க்கா சொல்லப்போறேன். வாழ்க்கையில முதல் தடவை."

"அதான்டா பயமே."

அவன் விடவில்லை. அவள் வேலை பார்க்கிற தியேட்டருக்குக் கூட்டம் வரட்டுமே, கசக்குமா என்று கேட்டான். ஆள் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துவிடுகிறான். இடைவேளைக்குப் பிறகுதான் தலைப்பே வருகிறது. அப்புறம் அவன் காலையில் எழுந்து மனைவியோடு ரொட்டி சாப்பிடுகிறான், மகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறான். சாகப்போகிறவன் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தலைப்பு தாமதம் என்று திட்டியவன், இதற்காக மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருந்தான்.

அக்கா அவன் காதருகே குனிந்தாள். இரண்டே வரி சொன்னாள்.

தம்பியின் முகம் சொத்தைப் பல்லில் ஐஸ் பட்ட மாதிரி ஆனது.

"எப்பருந்து?"

"படம் வந்த அன்னிலருந்து."

"மேனேஜருக்கு?"

"தெரியாது. நீ வாயத் திறந்தா தெரிஞ்சிடும்."

அறிவிப்பாளர் கையைக் காட்டினாள். பாட்டு முடியப்போகிறது. கூடவே போனில் வந்த ஒரு குறுஞ்செய்தியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். வேறொரு தியேட்டரில் அதே படத்தைப் பார்த்த நேயர் எழுதியிருந்தார்: 'மகா மட்டம் சார், இதுல உங்களுக்கு என்ன பிடிச்சுது?'

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிடிக்கவில்லை என்று அவன் பொய் சொல்லமாட்டான். பிடித்தது ஏன் என்று சொன்னால் அவள் பிழைப்பு போச்சு. கண்ணாடி துடைக்கும் துணியால் தம்பி நெற்றியைத் துடைத்தான்.

"நேயர்களே, இந்தப் படமும் தேறலை. எல்லாம் அரைச்ச மாவுதான். குடும்பத்தைக் காட்டுவான், சிரிக்கவைப்பான், கடைசியில ஆளைக் கொல்லுவான். மூணாவது நிமிஷமே தெரிஞ்சிடும் இவன் காலின்னு." ஒரு மூச்சு விட்டான். "ஆனா இதுக்குள்ள ஒரு நல்ல படம் ஒளிஞ்சிருக்கு. எடுத்தவனுக்கே அது தெரியலை. வீட்டு டிவிக்கு வரும்போது பின்பாதியை முதல்ல போடுங்க. முன்பாதியை அப்புறம் பாருங்க. சத்தியமா அழுதுடுவீங்க. நான் அழுதேன்."

அறிவிப்பாளர் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிடுசிடுவின் குத்தல்களிலேயே இதுதான் உச்சம் என்று நினைத்துவிட்டாள்.

அக்காவின் போன் அதிர்ந்தது. மேனேஜர். நடைக்கு வந்து எடுத்தாள்.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "உன் தம்பிக்கு உடம்பெல்லாம் வாய்மா. படத்தைத் தலைகீழாப் போடணுமாம். எவனாவது போடுவானா?"

"யார் சார் போடுவாங்க," என்றாள் அக்கா.

நிகழ்ச்சி முடிந்து இருவரும் படியிறங்கினார்கள். மூன்றாவது மாடி வந்ததும் தம்பி கேட்டான்.

"மாத்திட்டியா?"

"மதியமே மாத்திட்டேன். சரியா ஓடுச்சு. வெளிய வந்தவங்க எல்லாம் கொட்டாவி விட்டாங்க."

"அப்புறம் எதுக்குக்கா மாத்தின?"

அக்கா செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். அந்தத் தியேட்டரில் எந்தப் படத்தையும் கம்ப்யூட்டரில் மூன்று துண்டாக்குவார்கள். இடைவேளைவரை ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று. கடைசியில் பெயர்கள் ஓடும்போது விளக்குப் போட வசதியாக அது தனித்துண்டு. படம் வந்த அன்று காலை அவற்றை வரிசையில் அடுக்கியவள் அவள்தான். கடைசித் துண்டைக் கடைசியில்தான் வைத்தாள். மற்ற இரண்டும் இடம் மாறிவிட்டன. இன்று காலைக் காட்சியைத் தற்செயலாக உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அதுவரை எல்லாக் காட்சியிலும் பின்பாதி முதலிலும் முன்பாதி பிறகும்தான் ஓடியது. செத்தவன் எழுந்து வந்தான், தலைப்பு நடுவில் வந்தது. பார்த்தவர்களில் ஒருவர்கூட எழுந்துவந்து என்னம்மா இது என்று கேட்கவில்லை. ஹாலிவுட் படமென்றால் இப்போதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.