கலங்கல் ஏறாத அரை மணி நேரம்

அந்த ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் அவள் மூன்று குடுவை பாக்டீரியாவைக் கொட்டியிருந்தாள். மூன்றும் விதிப்படிதான். குளுக்கோஸ் கொஞ்சம், பால் சர்க்கரை நிறைய என்று இரண்டும் கலந்த நீரில் பாக்டீரியாவை விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கலங்கலை அளக்க வேண்டும். பெருகப் பெருக நீர் கலங்கும். தொடர்ந்து மூன்று அளவு ஏறாவிட்டால் செத்தது என்று எழுதிக் கொட்டிவிடலாம். இந்த விதி சுவரில் ஒட்டியிருந்தது.

மூன்று நாளும் மதியம் வரை மளமளவென்று ஏறிய எண், 0.41-இல் அப்படியே நின்றது. வெளியூரில் இருந்த ஆய்வாளர், தொலைபேசியில் சலிக்காமல் மறுபடி போடச் சொன்னார். தன் கையில்தான் கோளாறு என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

நான்காம் நாளும் மூன்று முறை 0.41. கொட்டும் முன் கிருமியைக் கொல்லக் குளோரின் புட்டியை எடுக்கும்போது நாத்தனார் போனில் கூப்பிட்டாள். புது வீட்டுச் சுவருக்குப் பச்சையா நீலமா, பெயின்டர் காத்திருக்கிறார். வெளியே போய்ப் பேசினாள். நாற்பது நிமிடம் இரண்டு நிறத்துக்கும் சரி சரி என்றாள்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி."

"நீலம்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நோட்டில் காலியாகக் கிடந்த கட்டத்துக்காக, கொட்டும் முன் ஒரு தடவை அளந்தாள். 0.53. கண்ணாடிக் குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். 0.53.

மறுநாள் ஊர் திரும்பிய ஆய்வாளர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சாகலம்மா. குளுக்கோஸ் இருக்கிற வரைக்கும் அது பால் சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்கான ஜீன் ஓய்வுலதான் இருக்கும். குளுக்கோஸ் தீர்ந்தாதான் ஜீன் வேலை செய்யும், பால் சர்க்கரையை உடைக்கிற நொதி தயாராகும். அதுக்கு அரை மணி நேரம் பிடிக்குது."

"அப்போ அந்த விதி?"

"நான்தான் எழுதினேன். ஒரே சர்க்கரை போட்ட காலத்துல." சுவரிலிருந்து தாளைக் கிழித்தார். "உங்களுக்கு எப்படி இவ்வளவு பொறுமை?"

நாத்தனார் போன் பண்ணியதைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு அறிக்கையில் 'தொடர்ந்து கவனித்ததில்' என்று எழுதினார்.

"கொட்டின மூணும் சார்?"

"அதுவும் பால் சர்க்கரைக்கு மாறிக்கிட்டுதான் இருந்திருக்கும்."

அன்றைக்கு அவளுக்குக் குடுவை கழுவ வழக்கத்தைவிட நேரமாயிற்று.