ஐந்தாம் வகுப்பில் தோற்ற கதை

பத்துப் பேர் இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பள்ளியை மூடிவிடுவார்கள். இருந்தது ஒன்பது பிள்ளைகள். பத்தாவது ஆள் நான்.

வயதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை என்று வாத்தியார்தான் கண்டுபிடித்தார். பள்ளியை மூடினால், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் எங்களோடு சூளைக்குக் கல் சுமக்க வரவேண்டியதுதான். ஆகவே விடியுமுன் செங்கல் அடுக்கிவிட்டு, தலை நிறையச் செம்மண்ணோடு போய் உட்கார்ந்தேன். என்னை ஐந்தாம் வகுப்பில் போட்டது படிப்பைப் பார்த்து அல்ல. என் பாரத்தைத் தாங்குகிற பெஞ்சு அங்கேதான் இருந்தது.

முதலில் தூங்கித்தான் தீர்த்தேன். தூக்கம் தீர்ந்ததும், வேறு வேலையில்லாமல் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒட்டிக்கொண்டன. வருடக் கடைசியில் ஒருநாள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தடங்கலில்லாமல் வாசித்தேன். பக்கத்தில் நின்ற வாத்தியாருக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. எங்கள் பள்ளி ஐந்தோடு சரி; தேறினால் நான் வெளியே. மறுபடி ஒன்பது. நான் தோற்றே ஆகவேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது.

பரீட்சை வைக்க அதிகாரி வந்தார். கரும்பலகையில் ‘மழை’ என்று எழுதி வாசிக்கச் சொன்னார். ஒரு கேள்விக்கு விடை தெரிந்து நான் நின்றது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

“ஆடு,” என்றேன்.

அவர் சளைக்கவில்லை. கீழே மேகம் வரைந்து, சொட்டுச் சொட்டாகப் புள்ளியும் வைத்தார். ஜன்னலில் நின்ற என் மனைவி முறைத்தாள்.

“நனைஞ்ச ஆடுங்க.”

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் பெஞ்சில் உட்கார்ந்ததே பெரிது, பாஸ் போட்டுவிடுகிறேன் என்றார். என் தகுதிக்கு மீறியது ஐயா, வேண்டாம் என்று கெஞ்சினேன். என்ன அடக்கம் என்று மேலும் உருகினார்.

பள்ளி முழுக்க ஒரே அறைதான்; அப்போது வகுப்புத் தலைவியான என் மகள் எழுந்தாள்.

“சார், இவருக்கே பாஸ்னா, படிச்சு பாஸான எங்களுக்கு என்ன மரியாதை?”

ஜன்னலிலிருந்து மனைவியும் சாட்சி சொன்னாள்: “வீட்டுலயும் இப்படித்தாங்க. உப்பக் கேட்டா சோப்புத்தூள எடுத்து நீட்டுவாரு.”

அதிகாரி பெருமூச்சு விட்டு, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். வெளியே ஊரே கைதட்டியது. பாவம், ஏழையின் தோல்வியைக் கொண்டாடுகிறீர்களே என்று அவர்களைத் திட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

கரும்பலகையில் அழியாமல் இருந்த ‘மழை’யை வாய்க்குள் ஒருதடவை வாசித்துக்கொண்டேன். மகள் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்காவது குளிச்சிட்டு வாப்பா. வகுப்பெல்லாம் ஒரே மண்ணு.”