கல் வைத்த பக்கம்

ஹேண்ட் பிரேக் லீவரை ஐந்து 'கட்' சத்தம் கேட்கும்வரை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக் பெடலிலிருந்து காலை மெதுவாக எடுத்தான் நவீன்குமார். கார் ஒரு நொடி நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் தெருச்சரிவில் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. சட்டென்று பெடலை மிதித்தான். இது நாலாவது தடவை. நாற்பது தடவை பார்த்தாலும் வண்டி அதையேதான் சொல்லப்போகிறது.

வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் அவனுடைய நைனா பரந்தாமன் கிடந்தார். பெட்டியின் மேல் கை வைத்தபடி அம்மா காஞ்சனா. வாசலில் மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

பரந்தாமன் முப்பது வருடம் திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலைக்கு வாடகைக் காரில் ஆள் ஏற்றிப் போனவர். நேற்றுக் கிருத்திகை. மேலே இந்த வண்டியை நிறுத்த இடமில்லாமல் மலைப்பாதைச் சரிவிலேயே ஓரங்கட்டியிருந்தார். அங்கேயே, வண்டிக்குப் பின்னால் குப்புற விழுந்தார், இரண்டு கையும் வண்டியை நோக்கி நீட்டியபடி. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்களும் அதை ஒப்புக்கொண்டு, ஷாமியானா நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நவீன்குமாரால் உட்கார முடியவில்லை. மயங்கி விழுகிறவன் கையை அப்படியா நீட்டுவான்? உருண்டு வரும் வண்டியைத் தடுக்கிறவன் அல்லவா நீட்டுவான்?

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் நைனா கேட்டார். "ஹேண்ட் பிரேக்கு நிக்க மாட்டேங்குதுடா. பத்து கட் வருது. ஒரு தபா பாரேன்."

இவன் திருவள்ளூரில் ஒரு பட்டறையில் மெக்கானிக். பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, உள்ளே சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் ஷூவைப் பார்த்த பிறகுதான் கேபிளைத் தொடவேண்டும் என்பது அவன் முதல் மாதத்தில் படித்த பாடம். அன்றைக்கு ஐந்து மணி ரயிலைப் பிடிக்கும் அவசரம். லீவருக்கு அடியில் இருக்கும் கேபிள் நட்டை மட்டும் நாலு சுற்று இறுக்கினான். லீவர் ஐந்து கட்டிலேயே கல்லாக நின்றது. சமதரையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். "இனிமே வீலுக்கு வெக்கிற அந்தக் கல்ல எல்லாம் தூக்கிக் கடாசு நைனா" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினான். அடுத்தவன் வண்டிக்கு இப்படி வேலை செய்திருந்தால் முதலாளி செருப்பைக் கழற்றியிருப்பார்.

நைனாவைக் கொன்றது தானா இல்லையா என்று அவனுக்குத் தெரியவேண்டும். கொள்ளி வைப்பதற்குள் தெரியவேண்டும்.

முதல் கியரில் போட்டு வண்டியை நிறுத்தி, ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தான். ஜாக்கிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கல் கிடந்தது. கடாசச் சொல்லியும் கேட்காத மனிதர். அதையே எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். ஜாக்கியை ஏற்றி, பின்சக்கரத்தைக் கழற்றி, சாலையில் முட்டி போட்டு டிரம்மைத் தட்டத் தொடங்கினான்.

நைனாவின் தங்கை வரலட்சுமி வெளியே வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் உள்ள படுத்துகினு கீது, நீ இங்க வண்டிக்கிட்ட படுத்துகினு கீறியா? தலைக்குக் குளிக்கணும்டா. ஐயரு வந்துகினே இருக்காரு."

"தோ வந்துட்டேன் அத்தை."

"வித்துத் தொலைச்சிடலாம் இந்த வண்டிய. அதையா இப்ப பாக்கணும்?"

அவன் மறுபடி டிரம்மைத் தட்டினான். அவள் குனிந்தாள். என்ன நினைத்தாளோ, தன் முந்தானையாலேயே அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

டிரம் கழன்று வந்தது. உள்ளே ஷூ இரண்டும் ஈரத்தில் பளபளத்தன. வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஆயில் முழுக்க ஊறியிருந்தது. மேலே என்ன இறுக்கினாலும் எண்ணெயில் ஊறிய ஷூ டிரம்மைப் பிடிக்காது. அன்றைக்கே திறந்திருந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். விரலில் ஒட்டிய ஆயிலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அழுகை வரவில்லை.

அமரர் ஊர்தி வேனுக்குச் சொல்லிவிட்டு மாலைகளோடு பைக்கில் வந்து இறங்கினார் முரளிதரன். கார் ஸ்டாண்டில் நைனாவுக்குக் கூட்டாளி. நேற்று வண்டியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். நேற்றிலிருந்து அவரிடம் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியை நவீன்குமார் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"மாமா, நேத்து வண்டி உருண்டுச்சா?"

"உருள்றதா? எங்க உருளும்? பள்ளத்துப் பக்கம் பின் வீலுக்குக் கல்லு இருந்துதே. நான்தான எடுத்து டிக்கில போட்டுட்டு வண்டிய எடுத்தேன்."

"கல்லா?"

"ஆங். கல்ல வெச்சிட்டுத்தான் டீ குடிக்க வந்தாரு. குடிச்சோம். தல சுத்துதுன்னு வண்டிகிட்ட போயி, டிக்கி மேல ரெண்டு கையையும் ஊனிகினு நின்னாரு. நான் தண்ணி வாங்கினு வர்றதுக்குள்ள..."

முரளிதரன் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

நவீன்குமாருக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று உடனே கூசியது.

"நான் சரி பண்ணிட்டேன்னு சொன்னப்புறமும் கல்லு வெச்சாரா?"

முரளிதரன் கழற்றிக் கிடந்த டிரம்மைப் பார்த்தார். அவரும் டிரைவர்தான்.

"தெனம் வெப்பாரு. ஸ்டாண்டுல யாரு கேட்டாலும், எம்புள்ள பாத்துட்டான், இப்ப ஆணி அடிச்சாப்ல நிக்குதுன்னு சொல்லுவாரு. அப்புறம் யாரும் பாக்காதப்ப அந்தாண்ட சுத்திப் போயி கல்ல வெப்பாரு. நாங்களும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துடுவோம்."

நவீன்குமார் சக்கரத்தைத் திரும்ப மாட்டினான். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை இறுக்கினான். அப்புறம் குளிக்கப் போனான். தலையில் ஊற்றிய தண்ணீரோடு அழுகையும் வந்தது. குழாயடியில் நின்றவர்கள் அழ விட்டுவிட்டார்கள்.

அவன் ஈர வேட்டியோடு வெளியே வந்தபோது அமரர் வேன் வந்து, பின்கதவு வாசலைப் பார்க்க, சரிவில் நின்றிருந்தது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிக் கதவைத் திறந்தார். உள்ளே அம்மாவின் குரல் உயர்ந்தது. நைனாவை வெளியே தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். மேளம் வேகம் பிடித்தது.

நவீன்குமார் கியரிலேயே நின்றிருந்த காரின் முன்சக்கரத்திலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி வந்தான்.

"நம்ம வண்டி நல்லா நிக்கும் தம்பி" என்றார் வேன் டிரைவர்.

"ஆங், நிக்கும்ங்க."

சொல்லிவிட்டு, கூட்டம் இல்லாத பக்கமாக வேனைச் சுற்றிப் போனான். பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்து, அசையாமல் உட்காரும்வரை காலால் அழுத்தினான். நிமிர்ந்தபோது எதிரே முரளிதரன் நின்றிருந்தார். பார்த்துவிட்டார். உடனே, கையிலிருந்த மாலையில் எதையோ சரிசெய்கிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.