நாலு கதவு, நாலு தடவை புது ஆள்

"சார், இந்தப் புது நோயாளி படிவத்தைக் கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் குடுங்க" என்றாள் வரவேற்பில் இருந்த கிறிஸ்டி.

ஓர்வில் டாக்கெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அமெரிக்காவின் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சர்க்கரை நோய்க்காகப் பல வருஷமாக அந்த மருத்துவக் குழுமத்துக்குத்தான் வருகிறார்.

"நான் புது ஆளாம்மா? நீ பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த காலத்துலேருந்து இங்க வர்றேன். உன்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்டியின் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியும் சார். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல."

இத்தனை வருஷமும் அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் கோலீன் ராட்கே கதவோரம் நின்று அதைக் கேட்டாள். கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போனது அவள் போட்ட கையெழுத்தால்.

காப்பீட்டு விதிப்படி, ஒரே குழுமத்தில், ஒரே துறை மருத்துவர்களில் எவரிடமாவது மூன்று வருஷத்துக்குள் காட்டியிருந்தால் ஒருவர் பழைய நோயாளி. வேறு துறைக்குப் போனால் மட்டும் புதியவர், கட்டணமும் கூடுதல். நிஜமான நிபுணர் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டுமே, அதற்கான கூலி அது. குழுமத்தின் அதிபர் டாக்டர் ப்ரெண்ட் ஹேவர்ட்டி, யாரும் பார்க்காதபோது கோல்ஃப் பந்தைக் காலால் தள்ளிவிட்டு வெற்றிக்குக் கை குலுக்குகிற மனிதர், இந்த விதியில் வேறொன்றைக் கண்டார். நான்கு பொது மருத்துவர்களின் கதவுகளிலும் புதுப் பலகைகள் ஏறின. சர்க்கரை, மூட்டு, தோல், பாதம். ஒரே ஆள் ஒவ்வொரு கதவிலும் புது நோயாளி, ஒவ்வொரு தடவையும் கூடுதல் கட்டணம். பயிற்சி? ஓட்டலில் வார இறுதி வகுப்பு. நடுவில் நல்ல சாப்பாடு.

காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு கோலீன் 'சர்க்கரை நோய் நிபுணர்' ஆனாள். கூசத்தான் செய்தது. ஏரிக்கரையில் வாங்கிய வீட்டின் கடன் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. எல்லோரும் செய்வதுதானே என்று சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

புது நோயாளி படிவம் நீட்டப்பட்ட அன்றைக்குப் பிறகு டாக்கெட் வரவில்லை. குளிர்காலம் முடிந்து, ஒரு மளிகைக் கடை வாசலில் அவரைப் பார்த்தாள். ஊன்றுகோலோடு நின்றார்.

"கால்ல என்னாச்சு, ஓர்வில்?"

"கொப்புளம் வந்துச்சு டாக்டரம்மா. பழுத்துப்போச்சு. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. பஸ் ஓட்ட இனி விடமாட்டாங்க."

"அப்பவே வந்திருக்கலாமே?"

"வருஷா வருஷம் ஒரு தொகை வரைக்கும் எல்லாம் என் கைக்காசு, அதுக்கு மேலதான் காப்பீடு குடுக்கும். போன தடவை பில்லே முதுகை ஒடிச்சிருச்சு. இந்தத் தடவை பாதக் கதவுக்கு அனுப்பினா மறுபடியும் புது ஆளாயிடுவேன். தானா ஆறிடும்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

டாக்கெட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு? என்னைத் தெரியவே தெரியாதுன்னு எழுதிக் குடுத்தவங்களுக்கா?"



மறுநாள் ஹேவர்ட்டியின் அறையில் டாக்கெட்டின் கதையைச் சொல்லி, தன் கதவுப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"உணர்ச்சிவசப்படாதே கோலீன். ஒரு கிழவன் காலைக் கவனிக்காம விட்டா நாம பொறுப்பா? உன் வீட்டுக் கடனை யார் கட்டுவா, அவனா?"

"நான் நிபுணர் இல்ல ப்ரெண்ட். நாம ரெண்டு பேரும் திருடங்க. கோட்டு மட்டும்தான் வெள்ளை."

காப்பீட்டு நிறுவனங்களிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஏரிக்கரை வீடு விலைபோனது. ஹேவர்ட்டி அபராதம் கட்டிவிட்டு, புளோரிடாவில் வேறு பெயரில் இன்னொரு குழுமம் திறந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு வெட்கம் ஒரு நோயல்ல, தொற்றுவதில்லை.

விசாரணை அதிகாரி கோலீனிடம் கேட்டார்: "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

"பணம் வந்துக்கிட்டிருந்தது. வேற காரணம் எதுவும் இல்ல" என்றாள் அவள். "எதிர்ல உக்காந்திருக்கற மனுஷன் கண்ணுக்குத் தெரியாம, அவர் கட்டப்போற பில் மட்டும் தெரிய ஆரம்பிச்சா, அன்னைக்கே ஒருத்தர் டாக்டரா இருக்கறதை நிறுத்திடறார். அதுக்கு அப்புறம் அவர் செய்யறது வைத்தியம் இல்ல, வழிப்பறி. இதை நான் புரிஞ்சுக்கறதுக்குள்ள ஒருத்தருக்குக் கால்ல ரெண்டு விரல் போச்சு."