படத்தில் இல்லாதவன்

விண்வெளி நிலையத்திலிருந்து தம்பி அனுப்பும் படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சீராக்குவது அக்காவின் வேலை. நாலு பக்கத்தையும் ஒரே சமயத்தில் பிடிக்கிற காமிரா அது. அதைப் பிடித்திருப்பவனும் படத்தில் விழுந்துவிடுவான். அவனைத் தடம் தெரியாமல் அழித்துவிட வேண்டும். அப்போதுதான் இந்தப் படம் பார்க்க அரங்கத்துக்கு வருகிற சனம் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து வி.ஆர். கண்ணாடியை மாட்டியதும், தானே மிதப்பதாகச் சொக்கிப்போகும். கூடப்பிறந்தவனையே துடைத்தெடுக்கிற பிழைப்பு, என்ன செய்ய.

அம்மா மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பயணம் உறுதியான பிறகுதான் அவன் வீட்டில் வாயைத் திறந்தான் என்று அவளுக்கு அப்படியொரு கோபம். மேலேயிருந்து அவன் கூப்பிட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே வார்ப்பு. அவளே ஒரு மதியம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க, காட்டு."

அக்கா துடைத்த படத்தையே ஓட்டினாள். ஈர நீலமாய்ப் பூமி மெல்ல உருண்டது. காலடியில் மேகங்கள் சத்தமில்லாமல் நழுவின. மற்றவர்கள் வாயைப் பிளக்கிற இடம் அது. அம்மாவோ நாற்காலியோடு சுற்றினாள், குனிந்தாள், முதுகுக்குப் பின்னால் தேடினாள்.

"எல்லாம் இருக்கு. அவன் எங்கடி?"

"அவன்தாம்மா எடுக்கறான். அதான் தெரிய மாட்டான்."

"நான் அவனப் பாக்க வந்தேன். ஊர் உலகத்தப் பாக்கவா வந்தேன்?"

அக்கா கணினிப் பக்கம் திரும்பினாள். துடைக்காத படமும் இருந்தது. அம்மா பேசாமல் எழுந்துபோன ஒரு நாளில் எடுத்தது. எப்படியும் அக்கா அழித்துவிடுவாள் என்ற தைரியத்தில், காமிராவைப் பிடித்தபடியே அழுதிருந்தான். காட்டினால் அம்மா உடைந்துபோவாள். காட்டாவிட்டால் இந்தக் கோபம் தீரவே தீராது. வருவது வரட்டும் என்று மாற்றிப் போட்டாள்.

நாற்காலி நின்றது. சீராக்காத படமாதலால் ஒட்டுப் பிசகித் தம்பிக்கு மூன்று கைகள் இருந்தன.

"இதென்னடி கோலம்" என்று சிரிக்கப்போன அம்மா பாதியில் அடங்கினாள். எடையில்லாத அந்த இடத்தில் கண்ணீர் வழியாது. அது உருண்டையாகத் திரண்டு கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கை எழுந்து வெறுங்காற்றைத் துடைத்தது. மறுபடியும் துடைத்தது.

அக்காவுக்குத் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

"தொடாதடி," என்றாள் அம்மா. "அவன் இன்னும் அழுது முடிக்கல."